கொடுங்கோலும் சைவர் கடனும்

பாண்டிநாட்டுப் பாடல்பெற்ற பதிகள் 14-இல் ஒன்றாகிய திருச்சுழியல், குண்டாற்றங்கரையில், கரிசலும் உடைமரமும் பரந்த வறண்ட நிலத்தினிடையே விளங்குவது. பிரளய வெள்ளம் உலகை விழுங்க வந்த காலத்து இறைவன் சூலத்தால் நிலத்தைத் துளைத்து, அவ்வெள்ளம் சுழித்து உள்ளே புகும்படி செய்தருளினான் என்பது அத்தலத்தின் புராண வரலாறு. கண்மாய் வெடித்து, ஆற்றில் மணலன்றி வேறொன்றுங் காணாத ஆண்டுகளே மிகுந்த அவ்வூரில் வெள்ளத்தைப் பற்றிய கதை வழங்குவது முதற்கண் வியப்பாகத் தோன்றும். அடங்காது வரும் ஆற்றலொன்றை எங்ஙனம் அடக்குவது என்பதே அக்கதையின் உட்கிடை என்று கொள்வோமாயின் வியப்பு நீங்கும்.

அத்தலத்துத் திருமேனிநாதர் சந்நிதிக்கு வழிபாடு முடித்து வெளிவந்த ஒருநாள் மாலை, அருப்புக்கோட்டை அன்பர் இருவர் எம்மிடம் ஒரு வழக்கைக் கொணர்ந்தனர். இருவரும் சித்தாந்த வகுப்பிற் பாடங் கேட்டவர். ஒருவர் மற்றவர்க்கு மைத்துனர் முறை. சிவஞானசித்தியார் சுபக்கம் இரண்டாஞ் சூத்திரத்தில், மன்னன் ஒறுப்பதும் ஈசன் திருவருளின் வழியதே என்னுங் கருத்துடைய செய்யுளொன்று உளது. அதனைக் காட்டி மூத்தவர், "ஆளுவோர் யாராயினும் ஆகுக, அவர் ஒறுப்பைப் பொறுத்திருத்தலே சைவன் கடன். எதிர்த்தல் திருவருளை எதிர்த்தலாம்," என்றார். இளையவர், "அங்ஙனமாயின் அப்பரடிகள் திருவருளை எதிர்த்தவரோ, மாமா?" என்று வினாவினார். பேச்சு அங்கிருந்து 1975-ஆம் ஆண்டின் நெருக்கடி நிலைக்குத் தாவிற்று. மூத்தவர் அக்காலத்தை நன்கறிந்தவர்; இளையவர் அதன்பின் பிறந்தவர். யாம் அன்று விடை கூறாது வந்துவிட்டோம். விடை கூறாமைக்கு ஒரு காரணம் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்லுவோம்.

நிகழ்ந்தவற்றை முதலில் நினைவு கூர்வோம். 1975 ஜூன் 25-ஆம் நாள் இரவு, உள்நாட்டுக் குழப்பம் என்னுங் காரணங் காட்டி நெருக்கடி நிலை நாடெங்கும் அறிவிக்கப்பட்டது. 1977 மார்ச்சு 21-இல் அது நீக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர் விசாரணையின்றிச் சிறையில் வைக்கப்பட்டனர். செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டன. வடநாட்டின் பல பகுதிகளிற் கருத்தடை, வற்புறுத்தியும் அச்சுறுத்தியும் செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் அந்நிலையை ஒப்பாத அரசு 1976 சனவரி 31-இற் கலைக்கப்பட்டது. மிசாச் சட்டத்தின்கீழ்ப் பிடிபட்டோர் சென்னை நடுவண் சிறையில் அடியுண்டனர். அதனைப் பின்னர் ஆராய்ந்தவர், கம்பன் காவியத்தில் ஆழங்காற்பட்ட நீதிபதி மு. மு. இஸ்மாயில் அவர்கள் என்பதைத் தமிழன்பர் அறிவர்.

அக்காலத்திலே நல்லோரும் ஒரு நெறியில் நின்றிலர் என்பதே ஈண்டு நாம் கருதற்பாலது. காந்தியடிகளின் வழியினர் எனப் போற்றப்பெற்ற இருவரை நோக்குக. செயப்பிரகாச நாராயணர், நேர்மையற்ற ஆணைக்குப் பணியற்க என்று காவலரையும் படையினரையும் நோக்கி வெளிப்படக் கூறிச் சிறை புகுந்தார். சிறையிற் சிறுநீரகம் பழுதுற்று 1975 நவம்பரில் வெளிவந்தார். ஆசாரிய விநோபாவோ அப்பொழுது ஓராண்டு மௌன நோன்பில் இருந்தார். மகாபாரதத்தின் அனுசாசன பருவத்தை அவர் சுட்டிய குறிப்பினை ஆட்சியாளர் தமக்குக் கிடைத்த வாழ்த்தாகக் கொண்டு ஊரெங்கும் பரப்பினர். நோன்பு முடிந்தபின் அவர், ஆளுவோர் செய்வது சாசனம், ஆசாரியர் செய்வதே அனுசாசனம் என்று பிரித்து விளக்கினார். அவ்விளக்கம் பரவவில்லை, முன்னைக் குறிப்பே பரவிற்று. துறவியின் மௌனமும் அரசர் கையில் ஆயுதமாகும் என்பதற்கு இதனின் மிக்க சான்று வேண்டா. இவரே அன்றி, மறைந்து வாழ்ந்து வெடிமருந்து தேடினோரும், மனு எழுதினோரும், பதவியில் இருந்துகொண்டே தம்மால் இயன்றவரைக் காத்தோரும், ஒன்றுமே செய்யாது தறியும் ஏரும் நோக்கியிருந்தோரும் இருந்தனர். இறுதியிற் கூறப்பட்டோரே பெரும்பாலார்.

இனி, மூத்த அன்பர் கூற்றை ஆராய்வோம். அஃது இரு கிளைகளையுடையது. துன்பமெல்லாம் நுகர்வோன் வினைப்பயன், ஆதலின் எதிர்த்தற்கு இடமில்லை என்பது ஒன்று. அரசன் ஒறுப்பு இறைவன் ஒறுப்பு என்பது மற்றொன்று.

முன்னையது நம்மவர் நாவில் மிக எளிதாக வருவது. ஆயினும் அது சித்தாந்தமாகாது. ஒருவன் அடியுண்கின்றான் எனின், உண்டவனுக்கு அது பிராரத்த நுகர்ச்சியாகலாம்; அடித்தவனுக்கோ அது புதிதாக ஏறும் ஆகாமியம். நுகர்வோன் வினை கழிவதனால் செய்வோன் வினை வினையன்றென ஆகிவிடுமோ? அன்றியும், பிறன் துன்பத்தைக் கண்டுநிற்கும் மூன்றாமவன் ஒருவன் உளன். அவன் கைகட்டி நின்றதும் அவன் கணக்கிலேயே ஏறும். 1876 முதல் 1878 வரை இவ்வறண்ட நாட்டைத் தின்ற தாதுவருடப் பஞ்சத்தைக் கிழவர் சொல்லக் கேட்டோர் இன்றும் உளர். பசித்து வந்தோனுக்குக் கஞ்சி வார்த்த எவரும், 'இவன் வினை இவனை வாட்டுகின்றது; யாம் இடைபுகுதல் தகாது' என்று எண்ணிற்றிலர். பஞ்சத்துக்கு ஒரு நீதியும் போலீசுத் தடிக்கு ஒரு நீதியுமாகக் கன்மக் கொள்கையை வளைத்துக் கொள்வது, கொள்கையின் குற்றமன்று; அச்சத்தின் குற்றம்.

தன்மேல் வந்ததைப் பொறுத்தலும் பிறர்மேல் வருவதைப் பொறுத்தலும் ஒன்றல்ல என்பதற்குத் திருச்சுழியிலேயே 1879-இற் பிறந்த இரமண முனிவர் வாழ்வு நல்ல விளக்கம். 1924-இல் அவர் ஆசிரமத்துட் புகுந்த கள்வர் அவர் தொடையில் அடித்தபோது, அடியார் திருப்பித் தாக்காதபடி அவர் தடுத்தார். அது தம்முடம்பின்மேல் விழுந்த அடியை ஒரு ஞானி கொண்ட முறை. அடுத்த வீட்டான் முதுகில் விழும் அடிக்கு நாம் அவர் பொறுமையைக் கடன் வாங்குதல் கூடுமோ?

பின்னைக் கிளை சற்று வன்மையுடையது. நூலாதாரம் காட்டி வருதலின். ஆயினும் அச்செய்யுள் நின்ற இடத்தை நோக்கவேண்டும். இறைவன் செய்யும் நிக்கிரகமும் அருளே என்பதை நிறுவும் பகுதி அது. பெற்றோர் பிள்ளையை வளாரால் அடித்தலும், மருத்துவன் புண்ணைக் கீறி ஆற்றுதலும் உவமையாக வரும் இனத்தில் அரசனும் வருகின்றான். அவன் அங்கே எத்தகையன்? பாவஞ் செய்தாரை ஒறுத்து, அவர் நரகிற் புகாதபடி தீர்த்து, நெறியில் நிறுத்துபவன். ஒறுக்கப்படுவோன் பாவஞ் செய்தவனாதலும், ஒறுப்பின் பயன் அவன் உய்தியாதலும் ஆகிய இரண்டும் அச்செய்யுளுக்கு உயிர். நோயில்லாதவன் உடம்பைக் கீறுவோனை மருத்துவன் என்னோம். குற்றமில்லாதவனைச் சிறையிடுவோன், அரசிருக்கையில் இருப்பினும், அச்செய்யுள் கூறும் அரசன் அல்லன். ஆசிரியர் 'அரசன் எது செய்யினும்' என்று கூறினாரல்லர் என்பதை அன்பர்கள் ஊன்றி நோக்குவாராக.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. திருச்சுழிக்கு அண்மையதாகிய கமுதி வட்டாரத்து மக்களைக் கேட்பின் அவர் தெளிவாகச் சொல்லுவர். 1911-ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம், ஒருவன் செய்த குற்றத்தை நோக்காது, அவன் பிறந்த குலத்தையே குற்றமாக எழுதி வைத்தது. கைரேகை பதிதலும், இரவில் ஊரைவிட்டகலாது அதிகாரிகள் கண்ணிற்படத் தங்குதலும் அச்சட்டத்தின் வழி வந்தன. 1920 ஏப்ரல் 3-இல் மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் கைரேகை பதிய மறுத்த மக்கள்மேல் துப்பாக்கி வெடித்துப் பலர் மாண்டனர். அங்கும் வழிகள் பலவாயின. பெருங்காமநல்லூரார் நேர்நின்று மறுத்தனர். மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் சட்டத்தைக் கொண்டே சட்டத்தோடு போராடினார், அம்மக்களால் 'ரோசாப்பூத் துரை' எனப் பெற்றார். முத்துராமலிங்கத் தேவர் ஊரூராகச் சென்று கிளர்ச்சி நடத்தினார். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது 1947-இல். 'முற்பிறப்பின் வினையால் இக்குலத்திற் பிறந்தீர். பொறுத்திருமின்' என்று அன்று யாரேனும் உரைத்திருப்பின், கன்மக் கொள்கையைச் சட்டத்துக்குச் சாட்சியாக நிறுத்தியவராவர். செய்யாத குற்றத்துக்கு ஒறுப்பு என்பதை நம் நூல்களுள் எதுவும் ஒப்பவில்லை.

ஈண்டு மனுநீதிச் சோழர் வரலாறு நினைவிற்கு வருகின்றது. கன்றிழந்த பசு வந்து அசைத்த மணியோசைக்கு மன்னன் இறங்கி வந்தான் என்று அதனைப் படிக்குந்தோறும் நாம் மகனைத் தேர்க்காலில் இட்ட செயலையே வியக்கின்றோம். வியக்கத்தக்கது அதற்கு முன்னரே உளது: வாயில்லாப் பசுவுக்கும் எட்டும்படி ஒரு மணி தொங்கியது என்பது. 1976 ஏப்ரல் 28-இல், நெருக்கடிக் காலத்தில் ஒருவன் முறையின்றிச் சிறைப்பட்டாலும் நீதிமன்றத்தை அணுக இயலாது என்று உச்சநீதிமன்றத்து நீதிபதிகள் ஐவருள் நால்வர் தீர்ப்பளித்தனர். எச். ஆர். கன்னா என்னும் ஒருவரே மாறுபட்டெழுதினார். 1977-இல் தலைமை நீதிபதிப் பதவி அவரைத் தாண்டி இளையவர்க்குச் சென்றது. அவர் பதவி துறந்தார். மணிக்கயிற்றை அறுத்தோரும் கற்றவரே. அத்தீர்ப்புப் பிழையென்று அதே நீதிமன்றம் கூறியது 2017-இல், நாற்பத்தோராண்டு கழிந்து.

கயிறறுந்த மணியின்கீழ் நின்றோருள் ஒருவர் கேரளத்து ஈச்சர வாரியர். பொறியியற் கல்லூரியிற் படித்த அவர் மகன் இராசன், 1976 மார்ச்சில் போலீசாராற் கொண்டு செல்லப்பட்டு, கக்கயம் முகாமில் மாண்டான். தந்தை அலுவலகந்தோறும், அமைச்சர்தோறும் சென்று கேட்டார். நெருக்கடி நிலை நீங்கிய பின்னரே அவர் வழக்கை உயர்நீதிமன்றம் கேட்டது. முதலமைச்சர் பதவி விலக நேர்ந்தது. மகன் உடல் இறுதிவரை அவர்க்குக் கிடைத்திலது. பெரியபுராணத்தில் வரும் பசு ஒருமுறை மணியடித்தது. இத்தந்தை ஓராண்டு அடித்தார்.

அற்றேல், கொடுங்கோலின்கீழ்ச் செய்யத்தக்கது யாது எனின், நாயன்மார் வரலாறுகள் ஒரே விடையைத் தரவில்லை. இதனைச் சிலர் குறையாகக் கருதுவர். யாம் அங்ஙனங் கருதவில்லை.

அப்பரடிகள் செயலையே முதலில் நோக்குக. பல்லவன் ஆணையொடு வந்த அமைச்சர்க்கு மறுமாற்றத் திருத்தாண்டகம் அருளி, அவ்வாணைக்குத் தாம் உட்பட்டவரல்லர் என்றார். இவ்வளவில் நாம் கதையை நிறுத்தி விடுகின்றோம். சேக்கிழார் நிறுத்தவில்லை. அமைச்சர் வணங்கி வேண்டியபொழுது, வருவதற்கு எம்பெருமான் உளன் என்னுந் துணிவோடு அவருடன் செல்ல இசைந்தார் என்கின்றார். ஒளிந்தாரல்லர், ஓடினாரல்லர், அமைச்சரை வெறுத்துரைத்தாருமல்லர். ஆணையின் உரிமையை மறுத்தார்; அதனால் வருந் துன்பத்தை மறுத்திலர். நீற்றறையும் நஞ்சும் யானையும் கல்லும் அவர்மேல் வந்தன. தம்மேல் வந்ததைத் தம் வினை என்று ஏற்றவர், அதனைக் காட்டி மன்னன் செயலை நீதி என்றாரல்லர். வினைக்கொள்கையும் மறுப்பும் ஓருள்ளத்தில் முரணின்றி நிற்கும் என்பதற்கு இவ்வொரு வரலாறே போதும். மூத்த அன்பர்க்கு இதனையே விடையாகச் சொல்லியிருக்கலாம்.

மூர்த்தி நாயனார் எதிர்த்து ஒருசொல்லும் கூறியதாக வரலாறு இல்லை. மதுரையைக் கொண்ட வடுகக் கருநாடர் வேந்தன் அவர்க்குச் சந்தனம் கிடையாதபடி தடுத்தான். அவர் தம் முழங்கையைக் கல்லில் தேய்த்தார். அரசைக் கவிழ்க்க அவர் எண்ணவில்லை. தம் திருப்பணி தடைப்படலாகாது என்பதொன்றே எண்ணம். தடைசெய்யப்பட்ட பணியை விடாது செய்தலும் ஒருவகை மறுப்பே. அமைதியாகத் தம் கடமையைச் செய்தோம் என்று கூறிக்கொள்வோர் பலர், தடையில்லாத கடமையையே செய்திருப்பர். இவரோ தடுக்கப்பட்டதைச் செய்தார் என்னும் வேறுபாட்டை மறத்தலாகாது.

மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் அரண்மனைக்குள்ளேயே இருந்தனர். மன்னனுக்கு மனைவியும் அமைச்சருமாய் இருந்துகொண்டே திருமறைக்காட்டுக்கு ஆள் விடுத்துப் பிள்ளையாரை அழைத்தனர். வெளியே நின்றோர் அன்று அவரை என்ன நினைத்திருப்பர்? அரசனோடு ஒட்டியவர் என்றே நினைத்திருப்பர். உள்ளிருந்து உதவுவோர்க்கு இப்பழி தவறாது வருவது. அதனைச் சுமக்க மாட்டாதார் அவ்வழியை மேற்கொள்ளலாகாது. அவ்வழியிலே ஒரு வழுக்கலும் உண்டு. உள்ளிருந்து காப்பேன் என்று புகுந்தோர் பலர், சில திங்களில், உள்ளிருப்பதைக் காப்பதே தொழிலாகி விடுகின்றனர்.

எறிபத்தர் வரலாறே எமக்கு இடர்ப்பாடானது. சிவகாமியாண்டார் பூக்கூடையைச் சிதறிய பட்டத்து யானையையும் உடன்வந்த ஐவரையும் வெட்டினார். வெடிமருந்து தேடியோர்க்கு இவ்வரலாறு மேற்கோளாகுமோ? யாம் ஆகாது என்கின்றோம், ஆனால் உறுதியோடன்று. அவ்வரலாற்றில் மன்னர் புகழ்ச்சோழர், 'இவ்வளவும் போதாது, என்னையும் கொல்க' என்று தம் வாளை நீட்டுகின்றார். அதுகண்டு எறிபத்தர் அவ்வாளைத் தம் கழுத்திலேயே பூட்டப் புகுகின்றார். வெட்டியவர் வெட்டிய அன்றே தம்மையும் தீர்ப்புக்கு உட்படுத்துகின்றார். இக்காலத்து வன்செயலாளரிடம் இவ்விரண்டாம் பகுதியை யாம் கண்டதில்லை. அரசரிடமும் கண்டதில்லை.

நேர்மை கருதி மற்றொன்றும் இங்குக் கூறவேண்டும். மதுரையிற் சமணர் கழுவேறிய செய்தியை நம் புராணமே கூறுகின்றது. அது நிகழ்ந்ததா என்று வரலாற்றாசிரியர் பலர் ஐயுறுகின்றனர். அவ்வையத்தை யாமும் மதிக்கின்றோம். நிகழ்ந்ததாகவே கொள்ளினும், அது நம் சமயத்து மன்னன் செய்தது என்பதனால் வேறு அளவுகோல் கொள்ளுதல் கூடாது. மாற்றான் கோல் வளைந்தால் மட்டும் அதனைக் கொடுங்கோல் என்பது சைவமன்று.

இனி மடங்களைப் பற்றி. நெருக்கடிக் காலம் போன்றதில் ஆதீனங்கள் வாய்திறத்தல் வேண்டும் என்று இளைஞர் கூறுவர். வாய்திறப்பின் பாடசாலை மூடும், அன்னம்பாலிப்பு நிற்கும், ஏடுகள் கேட்பாரற்றுக் கிடக்கும் என்று பெரியோர் அஞ்சுவர். இவ்வச்சம் பழிக்கத்தக்கதன்று, தம் உயிர்க்கு அஞ்சியதன்று அது. தனியொருவன் தன்னைப் பணயம் வைத்தலும், தன்னிடம் அடைக்கலமாயிருப்பதைப் பணயம் வைத்தலும் வேறு. ஆகவே மடத்தின் மௌனத்தை யாம் குறை கூறோம். ஆனால் மௌனத்துக்கும் மாலைக்கும் இடையே எல்லை உண்டு. வந்த அதிகாரிக்கு விருந்தளிக்கலாம். அவன் செய்த கொடுமைக்கு வாழ்த்துமடல் அளித்தல் ஆகாது. விநோபாவுக்கு நேர்ந்தது, அவர் கருதாமலே நேர்ந்தது. கருதிச் செய்வோர்க்கு என்ன விளக்கம் உளது?

யாம் அன்று மைத்துனர் இருவர்க்கும் விடை கூறாமைக்குக் காரணத்தை இப்பொழுது சொல்லவேண்டும். 1976-ஆம் ஆண்டு சித்திரைச் சதயம், அப்பரடிகள் குருபூசை. அருப்புக்கோட்டைப் பக்கத்தில் எம்மனோர் சிலர் கூடி ஆண்டுதோறும் நடத்தி வந்த பூசை அது. தமிழ்நாட்டு அரசு கலைந்து மூன்று திங்கள் கூட ஆகவில்லை. ஊரில் இருவர் மூவர் சிறையில் இருந்தனர். ஓதுதற்குரிய பதிகங்களை வகுத்தபொழுது, மறுமாற்றத் திருத்தாண்டகம் இவ்வாண்டு வேண்டா என்று ஒருவர் கூறினார். யார் காதில் எங்ஙனம் விழுமோ என்றார். கூட்டம் அதனை ஏற்றது. யாம் அப்பொழுது இருபது கடந்த இளைஞர், யாமும் கைதூக்கினோம். தறி நெய்து பிழைத்த முதியவர் ஒருவர் மட்டும், "அப்பர் பூசையில அப்பர் பாட்டுக்கே பயமாய்யா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போயினார்.

அப்பதிகத்தை ஓதற்க என்று எந்த அதிகாரியும் எமக்குச் சொன்னதில்லை. சொல்லப்போவதாக ஒரு செய்தியும் இல்லை. தேவாரத்துக்குத் தணிக்கை என்று எவரும் கேட்டிலர். தணிக்கையாளர் எம்முள்ளேயே இருந்தார். கொடுங்கோலைப் பற்றி எத்துணைப் பேசினும், அதன் ஆற்றலிற் பாதி ஆள்வோரிடத்தன்று, யாம் முன்கூட்டியே அளிக்கும் இணக்கத்தில் உளது என்பதை யாம் எந்நூலிலும் கற்றிலம், அக்கூட்டத்திற் கற்றோம். அஞ்சினோர் அனைவரும் தீயரல்லர். பிள்ளைகுட்டியுடையோர், கூலிக்கு நெய்வோர், அரசு வேலையிலிருப்போர். அவர் ஓதாதிருந்ததை யாம் பழிக்கவில்லை. ஓதாமையை அறிவுடைமை என்று ஒருவர்க்கொருவர் சொல்லிக் கொண்டோமே, அதுவே இன்றும் உறுத்துகின்றது.

1977 மார்ச்சுத் தேர்தலில் வடநாடு அவ்வாட்சியைத் தள்ளிற்று. தமிழ்நாடோ 39 இடங்களுள் 34-ஐ அதன் அணிக்கே அளித்தது. அவ்வாண்டு ஜூனில் அருப்புக்கோட்டைத் தொகுதியில் நின்று வென்றவர் முதலமைச்சரானார் என்பதும், அவர் கட்சி அவ்வணியில் இருந்தது என்பதும் இவ்வூரார் அறிந்தவை. துன்பம் ஒருவன் வாயிலை எட்டாதவரை அதனைத் துன்பம் என்று அவன் எண்ணுவதில்லை போலும். 1978-இல் வந்த நாற்பத்து நான்காந் திருத்தம், உள்நாட்டுக் குழப்பம் என்னுஞ் சொல்லை நீக்கி ஆயுதக் கலகம் என்று மாற்றி, உயிர்க்கும் உரிமைக்கும் உள்ள காப்பை எந்நிலையிலும் நிறுத்தி வைத்தல் இயலாது என வரையறுத்தது. மணிக்கயிறு மீண்டும் கட்டப்பட்டது.

1977 சித்திரைச் சதயத்தில் அத்திருத்தாண்டகத்தை யாம் அனைவரும் உரக்க ஓதினோம். தறிகார முதியவர் வந்து பின்வரிசையில் அமர்ந்திருந்தார். எம்மோடு சேர்ந்து ஓதினாரல்லர். ஏன் என்று கேட்க எமக்கு நா எழவில்லை.

சித்தியார்ச் செய்யுளுக்கு யாம் மேலே கொண்ட பொருள், நின்ற இடத்தையும் உவமைகளின் இனத்தையும் நோக்கிக் கொண்டது. உரைகளிற் பயின்ற ஆதீனப் புலவர்களும் பிற அறிஞர்களும் அதற்கு மாறாகவேனும் துணையாகவேனும் காட்டத்தக்கது இருப்பின் எழுதியனுப்ப வேண்டுகின்றோம். மைத்துனர் இருவரும் அடுத்த பிரதோடத்துக்குத் திருச்சுழி வருவதாகச் சொல்லியிருக்கின்றனர்.